உழைக்கிற வண்டி எது?

மாசத்துக்கு ஒருத்தராவது எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று என் வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, மீன் லோடுக்கு ஒரு வண்டி எடுக்கலாம்னு கீறேன். எது நல்லா உழைக்கும்?" இதைக் கேட்டாலே எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கேட்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பழவேற்காட்டில் இரும்பு எதுவும் நிலைக்காது. வாசல் கேட்டின் கீல் மூன்று வருஷம் தாங்கினால் பெரிசு. உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும், சைக்கிள் ரிம்மைத் தின்னும், பீரோவைக்கூட விடாது. மீன் வண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐஸ் உருகி, மீன் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். நாலு வருஷத்தில் பின்னால் இருக்கிற தொட்டியில் ஓட்டை விழுந்து கீழே ரோடு தெரியும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வண்டி எட்டு வருஷமாக ஓட்டை இல்லாமல் ஓடுகிறது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எஃப்.சி. சோதனைக்குக் கொண்டுபோனால் முதல் தடவையிலேயே பாஸ். ஊரே மூக்கில் விரலை வைக்கிறது.

அதனால் என் வீட்டுக்காரர் வண்டி விஷயத்தில் வாத்தியார் ஆகிவிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று கம்பெனி வண்டிகளையும் பிரித்து மேய்வார். கம்பெனிப் பெயர் எங்கள் ஆட்களின் வாயில் நுழைவதில்லை. நீட்டுமூக்கு, சப்பைமூக்கு, குண்டன் என்று பார்த்ததை வைத்துப் பேர் வைத்திருக்கிறார்கள். எங்களுடையது குண்டன். "நீட்டுமூக்கு இழுவை ஸோக்கா கீது, ஆனா கிளட்ச் பேஜாரு. சப்பைமூக்கு மைலேஜ் குடுக்கும், ஸ்பிரிங் பட்டா தாங்காது. குண்டன்தான் ராஜா. இரும்பு அப்படி!" என்பார். 'இரும்பு அப்படி' என்னும்போது தொடையைத் தட்டிக்கொள்வார், என்னவோ அந்த இரும்பை அவரே காய்ச்சி ஊற்றியது மாதிரி.

அந்த இரும்பு எப்படி என்று எனக்கல்லவா தெரியும். எட்டு வருஷமாக அதன் அடியில் மல்லாந்து படுக்கிறவள் நான்.

அவர் விடியும் முன்னே லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டு, பதினோரு மணிக்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். அதற்கப்புறம் என் வேலை ஆரம்பிக்கும். நாலு குடம் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போவேன். ஒரு குடம் தொட்டிக்கு. மீதி மூன்றும் அடிப்பக்கத்துக்கு. சாக்கை விரித்துப் படுத்து, சொம்பால் அள்ளி அள்ளி அடிச்சட்டமான சேசிஸ் மேலும் பிரேக் பைப்பு மேலும் அடிப்பேன். பாதி என் முகத்தில்தான் விழும்.

நல்ல தண்ணீர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இங்கே போர் போட்டால் வருவது உப்பு, ஏரியும் கடல் கலந்த உப்பு ஏரி. குடிக்கிற தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள் குழாயில் வரும். வராவிட்டால் லாரி வரும். லாரியும் வராவிட்டால் சண்டை வரும். ஒரு குடம் கூடப் பிடித்தவளின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசுவார்கள். அந்தத் தண்ணீரில்தான் நான் வண்டிக்கு நாலு குடம் ஒதுக்கினேன். பதிலுக்கு என் தலைக்குக் கிணற்று உப்புத் தண்ணீர். என் முடி தேங்காய் நார் மாதிரி ஆனது அதனால்தான். குழாயடியில், "மாவு அரைக்கணும், விருந்தாளி வர்றாங்க" என்று வாரத்துக்கு ஒரு பொய். வண்டிக்கு என்று வாயைத் திறந்திருந்தால் என்னைக் குடத்தாலேயே அடித்திருப்பார்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பொன்னேரியில் ஒரு டிங்கரிங் பட்டறைக்காரர். எங்கள் பழைய வண்டி துருப்பிடித்துச் செத்தபோது, வீட்டுக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில், சும்மா நின்றுகொண்டிருந்த என்னிடம் சொன்னார். "ஏரித் தண்ணிய ஊத்திக் கழுவாதீங்கம்மா. அதுக்கு ஆசிட்டையே ஊத்திடலாம்." வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னேன். "அவனுக்கு இன்னா தெரியும், டப்பா தட்றவன்" என்றார். அத்தோடு நான் விட்டுவிட்டேன். புதிதாகக் குண்டன் வந்த நாளிலிருந்து என் பாட்டுக்குக் கழுவ ஆரம்பித்தேன். தூங்கி எழுந்து வந்து ஈர வண்டியைப் பார்ப்பார். எந்தத் தண்ணீர் என்று எட்டு வருஷத்தில் ஒரு தபாகூடக் கேட்டதில்லை. ஏரித் தண்ணீர் என்றே நினைத்திருக்கிறார்.

ஏன் நினைக்கமாட்டார்? ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். வண்டியை ஏரிக்கரையில் சக்கரம் நனைய இறக்கிவிட்டு, பக்கெட்டால் மொண்டு மொண்டு ஊற்றுவார்கள். வலையை ஏரியில் அலசுகிறோம், படகை ஏரியில் கழுவுகிறோம், நண்டுக் கூடையை, காலை, கையை எல்லாம் அதில்தான். சோறு போடுகிற தண்ணீர் வண்டியைத் தின்னும் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது ஏரியைத் திட்டுகிற மாதிரி இருக்கும்.

என் தங்கச்சியை ஏரியின் மேற்குக் கரையில், ஆரம்பாக்கம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரருக்கு வலை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது. இனி படகில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அவள்தான். ஏரியில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களிடம் வாங்கி, கூடையில் போட்டு, பஸ் ஏறிக் கொண்டுபோய் விற்றாள். பஸ்ஸில் ஏற்றினால்தானே? "நாத்தம் தாங்கல, எறங்கு எறங்கு" என்று பாதி வழியில் இறக்கிவிடுவார்கள். ராத்திரி அதே இறாலை வறுத்துத் தின்னும்போது நாறாது போலிருக்கிறது. ஒரு தடவை வெயிலில் மூன்று மணி நேரம் ரோட்டோரம் நின்று, இறால் முழுக்கக் கெட்டுப்போய், கூடையைக் கால்வாயில் கவிழ்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு பண்ணினாள். ஓட்டுவதற்குத் தோள் பரவாயில்லை என்று அவரும் லைசென்ஸ் எடுத்தார். தாலியில் குண்டுமணித் தங்கம் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் அந்த வண்டிக்குள் போனது. இது நின்றுபோனால் அவளுக்கு வேறு வழி கிடையாது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எந்த வண்டி எடுப்பது என்று வாத்தியாரைத் தானே கேட்பார்கள்? நாலு பேரும் ஹைவே ஓரத்து ஷோரூம்களுக்குப் போனோம். மூன்று வண்டியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்த மூன்று கடையிலும் ஏறி இறங்கினோம். எங்கேயும் பையன்கள் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார்கள். காசு தங்கச்சியுடையது, வியாபாரம் தங்கச்சியுடையது. அவளுக்கு ஒரு கூல்டிரிங்ஸ் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. "துருவுக்கு வாரண்டி உண்டா?" என்று கேட்டேன். குண்டன் கடைப் பையன் சிரித்தான். "உண்டு மேடம். ஆனா மீன் லோடு, உப்புத் தண்ணின்னா வராது." அப்படியென்றால் எங்கள் ஏரிப் பக்கம் இவர்கள் ஏன் வண்டி விற்க வருகிறார்கள்? நெருப்புக்கு வாரண்டி இல்லாத அடுப்பா? கேட்டால் பிரிண்ட் அடித்த தாளைக் காட்டுகிறான். சரி, கண்ணால் பார்த்துக்கொள்வோம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் போனேன். மூன்று கடையிலும் போனேன். ஆறு வருஷமாகப் பார்க்கிற இடமாயிற்றே, தண்ணீர் எந்த ஓட்டையில் இறங்கி எதன் மேல் விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சப்பைமூக்கில் தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் விலகி விழுகிற மாதிரி வைத்திருந்தார்கள். குண்டனில், எங்கள் வீட்டுக் குண்டன் மாதிரி இல்லை, ஓட்டையை இடம் மாற்றியிருந்தார்கள். தொட்டியில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் நேரே பிரேக் பைப்பு மேல் விழும்.

எழுந்து வந்து அதைச் சொன்னேன். அந்தப் பையன், "சார், மேடம் கீழ இன்னா தேடுறாங்க?" என்றான். என் வீட்டுக்காரரின் முகம் கறுத்துவிட்டது. வெளியே டீக்கடைக்கு வந்ததும், "மானத்த வாங்கிட்ட! பொம்பளைக்கு இன்னாத்துக்கு இது? இத்தினி வருஷமா வண்டி ஓட்றவன் நானா நீயா?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். தங்கச்சி வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் வீட்டுக்காரர் அவரிடம் திரும்பி, "நீ குண்டனையே எடு சகல. தினமும் கழுவிக்கினே இரு. அது போதும், அதும்பாட்டுக்கு ஓடும்" என்றார்.

கழுவிக்கினே இரு. எந்தத் தண்ணியில் என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தங்கச்சி கையில் டம்ளரோடு என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. உங்கள் வாத்தியாரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று நினைத்தேன். ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி வந்த பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். நேரத்துக்கு மார்க்கெட்டில் நின்றாள். இறக்கிவிடுவதற்கு யாரும் இல்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு அந்த வண்டியிலேயே வந்தாள். வெள்ளை வண்டி பளபள என்று இருந்தது. "கழுவுறியாடி?" என்று கேட்டேன். "ஒருநாள் தவறாம நான்தான்க்கா" என்றாள். எந்தத் தண்ணீர் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் வந்து, "பாத்தியா, நாம சொன்ன வண்டி" என்று தொடையைத் தட்டினார். வந்ததை விழுங்கிவிட்டேன்.

இரண்டாவது வருஷம் மழை விட்ட சமயம், லோடோடு வரும்போது பிரேக் பிடிக்கவில்லை. தங்கச்சி வீட்டுக்காரர் வண்டியை வயல் வரப்பில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் இல்லை. சேதி கேட்டு நாங்கள் போனபோது வண்டி பொன்னேரியில் அதே டிங்கரிங் பட்டறையில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பைப்பு அரித்துப்போயிருந்தது. அது போனால் போகட்டும், மாற்றலாம். பட்டறைக்காரர் ஸ்குரூ டிரைவரை சேசிஸில் வைத்து ஒரு குத்துக் குத்தினார். அப்பளம் மாதிரி உள்ளே போனது. "இத்த வெல்டு வெச்சாலும் நிக்காதும்மா" என்றார். கம்பெனியில் கேட்டதற்கு உப்புத் தண்ணீர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கூடியிருந்த நாலு பேரிடம் தீர்ப்புச் சொன்னார். "இப்ப வர்றதெல்லாம் தகரம்பா. நம்ம வண்டி வந்தப்போ வந்தது இரும்பு." நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இரும்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" என்று கத்தினேன். "எட்டு வருஷமா தினமும் நாலு குடம் நல்ல தண்ணிய ஊத்தி, அடியில படுத்துக் கழுவினவ நான். நீ தூங்கி எழுந்து வந்து தொடையத் தட்டிக்கினு கீற. ஒரு நாளாவது எப்பிடிடி கழுவுறன்னு கேட்டியா?" பொது இடத்தில் அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் அசந்துபோய் நின்றார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "குடிக்கிற தண்ணியவா ஊத்தின?" என்றார். "அறிவு கீதா உனக்கு? தெரிஞ்சா ஊரு இன்னா பேசும்?" நாலு பேரும் சிரித்தார்கள். பட்டறைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நூறு பதில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

அப்போது தங்கச்சி என் கையைப் பிடித்தாள். அவள் கை தடித்து, விரல் இடுக்கெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. "நான் ஏரித் தண்ணிதான்க்கா ஊத்தினேன்" என்றாள். "மாமா கழுவ சொன்னாருன்னு. ஜுரம் வந்தப்போகூட உடல. அடியில எல்லாம் உட்டு உட்டுக் கழுவினேன்."

என்னை யாரும் கேட்கவில்லை என்று எட்டு வருஷமாக நான் சேர்த்துவைத்திருந்த கோபத்தில் ஒரு துளிகூட அவள் முன்னால் எடுபடவில்லை. அவள் கேட்கத்தான் செய்தாள், அந்த டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் கேட்டாள். அவர் மேல் இருந்த கோபத்தில் இவளுக்குச் சொல்லாமல் இருந்தவள் நான்.

வண்டியின் அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "நான் சோம்பேறியா இருந்திருந்தா, இது இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும், இல்லக்கா?"

ஆமாம் என்று சொன்னேன்.