அந்த மூலைத் துண்டு யாருக்கு?

போன ஞாயிறு என் மச்சான் கேட்ட ஒரு கேள்வியில் இன்னும் எனக்குத் தலை சுற்றுகிறது. சந்தோஷத்தில்தாங்க!

விஷயம் இதுதான். திருவிடைமருதூர் பக்கம் என் மனைவி மாலதியின் அண்ணனுக்கும் தம்பிக்கும் பாகப்பிரிவினை. ஆறு வளைகிற இடத்தில் வயல். ரோட்டுப் பக்கம் அண்ணனுக்கு, ஆற்றுப் பக்கம் தம்பிக்கு. வளைந்த கரையை எப்படி அளப்பது? அளந்தவர் செவ்வகப் பட்டைகளாகப் பிரித்துக் கூட்டிவிட்டார். பட்டைக்கும் கரைக்கும் நடுவே கோணல் கோணலாக மூலைத் துண்டுகள் — அவை கணக்கில் வரவில்லை.

"அதெல்லாம் தம்பிக்குச் சும்மாவா?" அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. அதோடு விட்டாரா? தம்பி மகள் கல்யாணத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். மாலதி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறவன். "ரொம்பச் சின்னது மச்சான்... விட்டுடுங்க" என்றேன். எங்கள் பழக்கம் அது! மிகச் சிறியது என்று ஒன்றை வைத்துக்கொண்டு வகுப்போம், கடைசியில் பூஜ்யம் என்று தூக்கிப் போடுவோம். விடை டாண் என்று வரும்.

"பூஜ்யம்னா அதைப் பத்தி எதுக்கு மாப்ளே பேசணும்? பூஜ்யம் இல்லைன்னா எப்படி விடச் சொல்றீங்க?"

அடடா! கால்குலஸ் பிறந்த புதிதில் ஒரு பாதிரியார் கேட்டுப் பெரிய பெரிய ஆட்களைத் திணறடித்த அதே கேள்வி!

மாலதி கணக்கு டீச்சர். கையில் கிடைத்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் கரையை வரைந்தாள். கரைக்குள் அடங்கும் பட்டைகள், கரையைத் தாண்டும் பட்டைகள் — ரெண்டையும் போட்டாள்.

"நிஜப் பரப்பு இந்த ரெண்டுக்கும் நடுவுலதாண்ணே இருக்கு. எவ்வளவு தப்பு வந்தா சண்டை போடுவே? நீயே சொல்லு."

"ஒரு முடி, ஒரே ஒரு கட்டு நாத்து நடுற இடம்."

பட்டைகளை ஒல்லியாக்கினாள். ரெண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் அதற்கும் கீழே போனது.

"ஒத்தை நாத்து!" இன்னும் ஒல்லி. "ஒரு நெல்லு!"

"நீ சொல்லிக்கிட்டே இரு. எவ்வளவு சின்னதாச் சொன்னாலும் அதுக்குக் கீழ கொண்டுவந்துடுவேன்."

எனக்குப் புல்லரித்துவிட்டது! எதையும் தூக்கிப் போடவில்லை, கண்கட்டு வித்தையும் இல்லை. கால்குலஸின் ஆணிவேரே இந்தப் பேரம்தான்... அதை இத்தனை வருஷம் சூத்திரமாகவே நடத்தியிருக்கிறேன்!

அண்ணன் சிரித்துக்கொண்டே பத்திரிகையைத் திருப்பினார். முன்பக்கம், அழைக்கிறவர்கள் வரிசையில் முதல் பெயர் அவருடையது. சண்டைக்கு நடுவிலும் தம்பி அப்படித்தான் அச்சடித்திருந்தார். அந்தப் பெயரை விரலால் தடவினார் அண்ணன்.

"ஒரு முடி அளவு போதும், அளக்கச் சொல்லு" என்றார். "பந்தக்கால் என்னிக்கு?"

மாலதி அழுதேவிட்டாள்.

நானா? 'சின்னது, விட்டுடுங்க' என்று இனி யாரிடமும் சொல்வதாக இல்லை — எவ்வளவு சின்னது என்று அவர்களையே சொல்லச் சொல்வேன்!