மேட்டுத்தெரு எலிகளின் வம்சாவளி

என் மருமகள் ஓடிப்போனாளாம்! எதிர்வீட்டுத் தையல்காரி மாடிப்படியில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஓடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்துதான் போனாள். வீட்டில் எலி வளர்த்தாள் என்பதும் பொய். செத்த எலியின் வால் நுனியைக் குட்டிக் குப்பியில் போட்டு, குளிர்பெட்டியில் பாலுக்குப் பக்கத்தில் வைத்தாள். முதலில் நானும் கத்தினேன். பிறகு பாலை இடம் மாற்றிவிட்டேன். அவ்வளவுதான் சங்கதி.

அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. எலிகளின் மரபணுவைப் பார்த்து, எந்தக் கூட்டம் எதிலிருந்து பிரிந்தது, எது எதோடு கலந்தது என்று கண்டுபிடிப்பாள். இதைக் கேள்விப்பட்டு எங்கள் மேட்டுத்தெருச் சங்கத் தலைவர், தானிய மண்டிக்காரர், வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். கூடவே சங்கச் செயலாளர், அதாவது நான் பெற்ற பிள்ளை. எங்கள் தெருவிலிருந்து கீழே இறங்கும் சந்தில் சுவர் எழுப்பிப் பள்ளத்தெருவை அடைத்துவிட வேண்டுமென்று தலைவருக்கு வெகுநாள் ஆசை. பள்ளத்தெருக்காரர்கள் பேருந்துக்கு வர அந்தச் சந்தை விட்டால் வழி கிடையாது.

"எலியெல்லாம் அங்கேருந்துதாம்மா ஏறி வருது. அதை விஞ்ஞானமா எழுதிக் குடுத்துட்டீன்னா சுவருக்கு அனுமதி கெடைச்சிடும்."

"பார்த்துட்டுத்தாங்க எழுதுவேன்" என்றாள்.

தெருவே பொறியும் கையுமாக அலைந்தது. "எங்க வீட்டு எலியைப் பள்ளத்தெரு எலியோட ஒரே பையில போட்டுடாதே கண்ணு" என்று கெஞ்சியவள் இதே தையல்காரிதான். "நம்ம எலி கலப்பில்லாத எலி!" என்று தலைவர் மார்தட்டினார்.

முடிவு வந்தது. மேட்டுத்தெரு எலிகளில் பல விதம். பள்ளத்தெருவில் அவற்றிலேயே சில விதம் மட்டும். எனக்குப் புரிய, என் பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினாள். பிடிக்குள் எல்லா நிறமுமா வரும்? அந்தப் பிடி மாதிரி இங்கிருந்து கொஞ்சம் எலிகள் இறங்கிப்போய் அங்கே பெருகியிருக்கின்றன. அத்தனை விதமும் ஒன்றாகக் கிடைத்த இடம், தலைவரின் மண்டி.

எங்கள் கூடத்து நாற்காலியில் தலைவர் நெளிந்தார். "அப்போ அவங்க எலிக்கு என் மண்டி எலி தாத்தாவா?"

"கொள்ளுத்தாத்தாவுக்கும் மேலங்க."

"மாத்தி எழுதும்மா."

"மாட்டேங்க. இன்னிக்குப் பள்ளத்தெருவுல கூட்டம் போட்டிருக்காங்க. உள்ளதை அங்கே போய்ப் படிக்கப்போறேன்."

என் மகன் எழுந்து வாசலை மறித்தான். "ஒரு வரியை மாத்தினா குடியா முழுகிடும்? என் மானத்தை வாங்காதே. மீறிப் போனா அங்கேயே இருந்துக்கோ!"

"அந்த ஒரு வரியிலதான் சுவரே நிக்கப்போகுது" என்றவள், உள்ளே போய் மாற்றுத்துணியைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. "போயிட்டு வரேன் அத்தை."

அவன் அசையவில்லை. தோளைப் பிடித்துத் தள்ளினேன். "நகருடா! நீ வேற ஒரு சுவரா?"

நகர்ந்தான். அவள் படியிறங்கிச் சந்துக்குள் நடந்தாள்.