ஈ பழகுமா?

போன ஞாயிற்றுக்கிழமை பல்லடம் பக்கம் ஒரு பெண் பார்க்கும் வைபவத்துக்குப் போயிருந்தேன். நண்பர் சண்முகத்தின் மகள் நித்யாவைப் பார்க்க வந்திருந்தார்கள். சண்முகம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பண்ணை வீட்டுக்குப் பின்னாலேயே... அப்புறம் ஈக்கு என்ன பஞ்சம்?

மாப்பிள்ளைக்குச் சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. இதற்கு முன்பு வந்த வரன் பண்ணை வாடையைச் சாக்கு வைத்துக் கழன்றுகொண்டது. இதாவது கைகூட வேண்டுமே என்று சண்முகத்துக்குத் தூக்கமில்லை. முதல் நாளே வீடு முழுக்க ஈ மருந்து அடித்துவிட்டார்.

கச்சாயத் தட்டு வந்தது. கூடவே ஈக்களும் வந்தன. மாப்பிள்ளையின் அம்மா இனிப்பைத் தொடாமல் தட்டுக்கு மேல் கையை வீசிக்கொண்டே இருந்தார். சண்முகமும் துண்டை எடுத்து வீசினார்.

"ஒரே மருந்தையே அடிச்சு அடிச்சு, ஈக்குப் பழகிப்போச்சுங்க" என்று சமாளித்தார்.

காபி கொண்டுவந்த நித்யா, விலங்கியல் எம்.எஸ்சி., சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"பழகலீங்கப்பா. பழகறதுக்குள்ள செத்துப்போயிருமே. மருந்தைத் தாங்கற ஈ முன்னயே ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும். மத்ததெல்லாம் செத்துச்சு, அது பொழச்சு முட்டை வெச்சுது. இப்பப் பறக்கறது பூராம் அதோட வாரிசுங்க."

மாப்பிள்ளையின் அம்மா கை வீசுவதை நிறுத்திவிட்டு நித்யாவை நிமிர்ந்து பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் அப்பாவைத் திருத்துகிற பெண்ணா? சண்முகம் என்னைப் பார்த்தார். நான் கச்சாயத்தைப் பார்த்தேன்.

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். "அப்ப மருந்தை மாத்தி அடிச்சா சாகுமுங்களா?"

கொஞ்ச நாளைக்குச் சாகும், அதையும் தாங்குகிற ஈ எங்காவது இருக்கும் என்றாள் நித்யா. அவர் அடுத்த கேள்வி கேட்டார். காபி ஆறிப்போனது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அதே யோசனை. வெயில், காரம், டிராஃபிக் – எதற்கெடுத்தாலும் 'பழகிப்போச்சு' என்கிறோம். நான் வெயிலில் பழகினால் என்னோடு சரி. என் பிள்ளை அந்தப் பழக்கத்தோடா பிறக்கிறது? ஈக்களின் கதை வேறு. பிறக்கும்போதே ஒரு சின்ன வித்தியாசம்; அதனால் சாகாமல் தப்பிப்பது; அதையே குஞ்சு குளுவானுக்கும் கொடுத்துவிட்டுப் போவது. எந்த ஈயும் முயற்சி செய்யவில்லை, யாரும் திட்டம் போடவில்லை. இயற்கைத் தேர்வு என்பது இதுதானாம்! பரிணாமம் என்றால் டைனோசர், கோடி வருடம் என்றல்லவா நினைத்திருந்தேன்... அது தட்டின் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது.

சாயங்காலம் சண்முகம் போன் செய்தார். மாப்பிள்ளை வீட்டில் சரி சொல்லிவிட்டார்களாம். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"அம்மணி என்ன சொல்லுதுங்க?" என்றேன்.

"இருங்க, வர்றேன்" என்று போனை வைத்துவிட்டார். அதை யாரும் கேட்கவே இல்லை!

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அழைத்தார். மகளிடம் கேட்டுவிட்டாராம். அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"முன்ன வந்தவரு மூக்கைப் பொத்துனாரு. இவரு கேள்வி கேட்டாரு. எனக்குச் சரிங்கப்பா."

மருந்துக்குத் தப்பியது ஈ... நித்யாவின் தேர்வில் பிழைத்துக்கொண்டார் மாப்பிள்ளை!