தொட்டியின் அடியில் மணல்

பக்கவாதம் வந்த பிறகு அண்ணனிடம் மிஞ்சிய சொற்கள் மிகக் குறைவு. "வேணாம்" தெளிவாக வரும். "தண்ணி", "போலாம்" இரண்டும் குழறினாலும் புரியும். என் பெயர் வரவில்லை. வலது கை மடியில் அப்படியே கிடக்கும். கல்யாணம் செய்துகொள்ளாமல் தனியாக இருந்தவர் என்பதால், மருத்துவமனையிலிருந்து நேராக ஈப்போ பக்கம் லகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம்.

ஈப்போவில் அவருக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்தில், காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. மேலே வண்ண மீன்கள் திரிந்தாலும் அண்ணன் அவற்றைப் பார்ப்பதில்லை. அடியில் விரல் நீளத்துக்கு நாலைந்து பழுப்பு மீன்கள், வாயோரம் சின்ன மீசையோடு, தரையை முகர்ந்தபடி ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

பயிற்சி கொடுக்கும் பெண் அதைக் கவனித்துவிட்டு என்னிடம் சொன்னாள். "வீட்லயும் ஒன்னு வச்சுக் குடுங்கக்கா. தீனி எடுத்துப் போடறது கைக்கு நல்லது. அவரப் பாத்துக்க நீங்க இருக்கீங்க. அவரு பாத்துக்கவும் ஏதாவது வேணும்லா."

அந்த வாரமே நானும் என் கணவரும் அண்ணனை மீன் கடைக்கு அழைத்துப் போனோம். தொட்டி எடுத்தோம், அதே மீசை மீன்களில் ஆறு எடுத்தோம். அடியில் என்ன போடுவது என்று கடைக்காரர் கேட்டார். தரையில் இரண்டு பேசின்கள் இருந்தன. ஒன்றில் வெளிர் மணல், இன்னொன்றில் சாம்பல் நிறச் சரளைக்கல்.

"கல்லுன்னா கழுவறதுக்கு சுலபம், பாக்கவும் நல்லா இருக்கும். ஆனா இந்த மீனு மூஞ்ச உள்ள விட்டு நோண்டித் தின்னும். கல்லு மீசைய உரசிரும். போட்ட தீனியும் கல்லு இடுக்குல போய் அழுகும். மணல்தான் சரிண்ணே" என்று சொல்லிக்கொண்டே, ஒரு கைப்பிடி மணலை அள்ளி அண்ணனின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

அண்ணன் அதைப் பார்த்தார். கையைச் சாய்த்தார். மணல் முழுவதும் பேசினில் விழுந்த பிறகும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம்."

"மச்சான், மீனுக்கு அதான் நல்லதாம்" என்றார் என் கணவர்.

"வேணாம்." சரளைக்கல் பேசினைக் காட்டினார்.

நான் சரளைக்கல்லையே கட்டித் தரச் சொன்னேன். என் கணவர் என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று கண்ணைக் காட்டினேன்.

மதியம் அண்ணன் படுத்த பிறகு சமையலறையில் வைத்துச் சொன்னேன். அவர் முன்பு மணல் லாரி ஓட்டியது என் கணவருக்குத் தெரியும். ஏன் விட்டார் என்பது தெரியாது. ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டைகளில் மணல் ஏற்றி, வீடு கட்டும் இடங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. கூடவே லாரியில் போய்வந்தவர் அண்ணனுடைய கூட்டாளி. நாங்கள் பிறந்த அதே ரப்பர் தோட்டத்துக்காரர். தோட்டத்தை முதலாளி விற்று எல்லாரும் வெளியேறியபோது இரண்டு பேரும் சேர்ந்துதான் டவுனுக்கு வந்து லாரி வேலை பிடித்தார்கள்.

ஒருநாள் காலை, வண்டியில் மணல் ஏறிக்கொண்டிருந்தபோது கூட்டாளி முகம் கழுவக் குட்டை ஓரம் இறங்கினார். தண்ணீர் கீழே அரித்து வைத்திருந்த மணல்மேடு அப்படியே சரிந்து அவரை மூடிவிட்டது. அண்ணன் ஓடிப்போய்க் கையாலேயே தோண்டினார். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. சாவு வீட்டில் அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை, கூட்டாளியின் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு மணல் லாரியைத் தொடவும் இல்லை. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். அந்த நாளைப் பற்றி எங்கள் யாரிடமும் பேசியதே கிடையாது; குட்டையில் நின்ற மற்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கல்லே இருக்கட்டும்" என்றார்.

தொட்டி முன்னறையில் நின்றது. அண்ணன் தினமும் காலையில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார். இடது கையால் தீனி டப்பாவைத் திறக்க முதலில் வெகுநேரம் பிடித்தது. நான் உதவப் போனால் "வேணாம்" என்பார். போகப்போகத் தானே திறந்தார். மீன்கள் கல்லின் மேல் ஊர்ந்து, இடுக்குகளில் மூக்கை நுழைக்கப் பார்க்கும். முடியாமல் நகர்ந்து அடுத்த இடுக்குக்குப் போகும்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் அவர் நாற்காலிக் கையைத் தட்டும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஓடிவந்தேன். தொட்டியைக் காட்டினார். பிறகு தன் மேலுதட்டை விரலால் தடவினார்.

"மீ... மீசை."

பக்கவாதத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டு மீன்களுக்கு மீசை தேய்ந்து, வெறும் மொட்டாக இருந்தது. ஒன்றின் வாயோரம் சிவந்திருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். மணல் பிடிக்கவில்லை என்றால் உருண்டையான சின்னக் கூழாங்கல் இருக்கிறது, அது அவ்வளவாக உரசாது என்றார். அண்ணனிடம் வந்து சொன்னேன்.

"அண்ணே, வேற கல்லு இருக்காம். வழவழன்னு இருக்குமாம். அத வாங்கிட்டு வாரேன், சரியா?"

அவர் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று எடுத்துக்கொண்டு நான் எழுந்தபோது என் கையைப் பிடித்தார்.

"மணல்."

"உங்களுக்கு ஆவாதுல்லண்ணே."

தலையை ஆட்டினார். "மீனுக்கு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மணல் வாங்கி வந்தார். மீன்களைப் பழைய தண்ணீரோடு ஒரு வாளியில் எடுத்து வைத்தோம். கல்லை அள்ளிக் கொட்டினோம். பின்கட்டில் குழாயடியில் இன்னொரு வாளியில் மணலைப் போட்டுக் கழுவினேன். தண்ணீர் பால்போல் கலங்கியது. ஊற்றிவிட்டுத் திரும்பப் பிடித்தேன். மறுபடியும் கலங்கியது. அண்ணன் கைத்தடியோடு வந்து முக்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு இடது கையை வாளிக்குள் விட்டார். மெதுவாகக் கிளறினார். பிறகு கை நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அழுதுகொண்டிருந்தார்.

"கூட்டாளி" என்றார். அடுத்த சொல்லுக்காக உதடு வெகுநேரம் போராடியது. "வாய்ல... மணலு."

நான் குழாயை மூடினேன்.

"நான்... எடுத்தேன்." கையை வாளியிலிருந்து எடுத்து, இரண்டு விரலைத் தன் வாயோரம் வைத்து வழித்துக் காட்டினார். கண்ணைக் காட்டினார், மூக்கைக் காட்டினார். "எல்லாம்... எடுத்தேன்."

இத்தனை வருடமும் அவருக்கு வாய் நன்றாகத்தான் இருந்தது. அப்போதெல்லாம் வராத பேச்சு இப்போது இந்த நாலைந்து சொல்லாக வந்தது. தரையிலேயே உட்கார்ந்து அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே குழாயைத் திருப்பச் சொல்லிச் சைகை காட்டினார். தண்ணீர் தெளியும்வரை கழுவினோம்.

மணலைத் தொட்டியில் மெல்லிசாகத்தான் பரப்பினோம். ஆழமாகப் போட்டால் அடியில் கறுத்து நாறும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கலங்கல் அடங்கிய பிறகு மீன்களை விட்டோம். முதலில் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. பிறகு ஒன்று இறங்கி வந்து முகத்தை மணலுக்குள் கண்வரை புதைத்தது. வாய் நிறைய மணலை வாங்கியது. அண்ணன் இதைப் பார்க்க வேண்டாமே என்று இருந்தது. அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். மீனின் செவுள் வழியாக மணல் புகைபோல் வெளியேறியது. அது நகர்ந்துபோய் மறுபடியும் புதைத்தது. மற்ற ஐந்தும் இறங்கி வந்தன. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அண்ணன் எழவில்லை.

வாய் சிவந்திருந்த மீன் பிழைக்கவில்லை. மீசை தேய்ந்த இன்னொன்றுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது.

அதற்குள் அண்ணனுக்கு இன்னும் சில சொற்கள் வந்திருந்தன. ஒருநாள் "தாப்பா" என்றார். கேமரன் மலை ஏறும் வழியில் இருக்கும் ஊர் அது; மலைக்குப் போக ஆசைப்படுகிறாரோ என்று நினைத்தேன். கூட்டாளியின் மனைவி தாப்பாவில் மகள் வீட்டில் இருக்கிறார் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. பழைய தோட்டத்து ஆட்களிடம் நம்பர் வாங்கி அந்த அக்காவிடம் பேசினேன். "வரச் சொல்லும்மா" என்றார், அவ்வளவுதான்.

போனோம். அந்த அக்கா அண்ணனின் கையைப் பார்த்தார், கைத்தடியைப் பார்த்தார். உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். அண்ணன் அவரிடமும் அந்தச் சொற்களையே சொன்னார். அதே சைகை.

அக்கா தரையைப் பார்த்தார்.

"பெட்டில பாக்கறப்ப அவரு மூஞ்சி சுத்தமா இருந்திச்சு" என்றார். "தூங்கற மாதிரி. மணல்ல போனவரு எப்படி இப்படி இருக்காருன்னு நெனப்பேன். ஆஸ்பத்திரில தொடச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்." பிறகு அண்ணனைப் பார்த்தார். "நீங்க ஏன்ணே உள்ள வரல?"

அண்ணன் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. அக்கா அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வேறு கொண்டு வந்தார். அண்ணனின் இடது கைக்கு எட்டுமாறு கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"மெதுவா குடிங்க. இருந்து சாப்ட்டுட்டுப் போலாம்" என்றார்.