மாமா காற்றைப் பிடுங்கிய நாள்

என் அக்கா கணவருக்கு லாரி ஓட்டுநர்கள் வைத்த பெயர் ‘இன்னும் ரெண்டு’. நெடுஞ்சாலையோரம் தகரக் கூரை போட்ட டயர் கடை அவருடையது. வண்டி வந்து நின்றதும் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஓட்டுநர் சொல்வார். மாமா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். சொன்ன அளவு வந்த பிறகும் குழாயை எடுக்க மாட்டார். “இன்னும் ரெண்டு இருக்கட்டும்” என்பார். போதும் என்று கத்தினாலும் காதில் விழாது. இடது காது நிஜமாகவே மந்தம்தான். ஒருமுறை லாரி சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்ததில் போனது. ஆனால் எப்போது கேட்கவில்லை, எப்போது கேட்காத மாதிரி இருக்கிறார் என்று பிரித்தறிய என் அக்காவுக்கே பல வருஷம் பிடித்தது.

வீட்டிலும் இதே கதைதான். விருந்தாளி தட்டின் மேல் கையைக் குறுக்கே நீட்டினால், விரலிடுக்கு வழியாக இரண்டு இட்லி வைத்துவிடுவார். துக்க வீட்டுக்குப் போனாலும் வெளியே நிற்கும் வண்டிகளின் டயரைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒருமுறை அப்படி வந்து, அழுதுகொண்டிருந்தவர் பக்கத்தில் குனிந்து, “உங்க பின் சக்கரத்துல காத்து கம்மி” என்றார். அந்த மனிதர் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். எனக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. மாமா கடை வைத்த புதிதில் ஓட்டுநர் ஒருவர் அவசரமாக வந்தார். லாரியின் பின்பக்கம் சக்கரங்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். உள்பக்கத்து டயர் ஒன்றை மாமா கம்பியால் தட்டிப் பார்த்தார். சத்தம் சரியில்லை. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஓட்டுநர். சரி என்று விட்டுவிட்டார் மாமா. காற்றுக் குறைந்த டயர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். பக்கத்து டயரோடு உரசும். அன்று அது வழியில் தீப்பிடித்தது. ஓட்டுநர் பிழைத்தார், ஆனால் இரண்டு கையும் வெந்துபோயின. பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, டீ கிளாஸை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடித்தார். மாமாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கழற்றப் போகிற டயரில் காற்றை முழுக்க வெளியேற்றுவார். அது வேறு. ஓடப் போகிற டயரிலிருந்து காற்றை இறக்கி அவரை யாரும் பார்த்ததில்லை. “ஓடுற வண்டியில காத்தைப் புடுங்கறது திருட்டுப்பய வேலை” என்பார்.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். இருபது வருஷத்துக்கு மேலாக, கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி உட்கார்ந்திருப்பவள். “மெதுவா, மெதுவா, கண்ணாடியைப் பாருங்க” என்று தூக்கத்தில்கூடச் சொல்வாளாம். இப்படிப்பட்டவள், தன் மகள் வேலைக்குப் போன வருஷம், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். நல்ல கனமான வண்டி. குடும்பத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. மாமா மட்டும் எதுவும் சொல்லாமல், தினமும் காலையில் அவள் கிளம்புவதற்கு முன் வண்டியின் இரண்டு டயருக்கும் காற்றுப் பார்த்து வைத்தார். எவ்வளவு வைத்தார் என்று அவளும் கேட்டதில்லை.

அப்புறம்தான் டிராக் டே வந்தது. பந்தயத்துக்கென்று கட்டிய பாதையை ஒருநாள் சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பந்தயம் கிடையாது. பெயரைப் பதிந்துகொண்டு, புதியவர்கள் தனி அணியாக, சொல்லிக்கொடுப்பவரின் பின்னால் சுற்றலாம். எதிரே வண்டி வராது, குழி இல்லை, நாய் இல்லை.

“இத்தனை வருஷம் அடுத்தவங்க ஓட்டறதுக்கு நான் பிரேக் புடிச்சேன். ஒரு நாள் எனக்காக ஓட்டணும்” என்றாள் அக்கா.

எனக்குச் சிறிய சரக்கு வேன் ஒன்று இருக்கிறது. வண்டியை அதில் ஏற்றிக் கட்டி மூவரும் போனோம். மாமா தன் கால் பம்பையும் வேனில் போட்டுக்கொண்டார்.

பாதையோரத்துக் கொட்டகையில் வண்டிகளைச் சோதித்தார்கள். பிரேக், சங்கிலி, டயர் எல்லாம் பார்த்துவிட்டு, பின்னால் பார்க்கும் கண்ணாடிகள் மேல் டேப் ஒட்டச் சொன்னார்கள். பின்னால் வருகிறவன் உன்னைப் பார்த்துக்கொள்வான், நீ முன்னால் பார் என்பது அங்கே சட்டம். கண்ணாடியைப் பாருங்க என்றே பிழைப்பு நடத்தியவள் தன் கையாலேயே அதை மூடினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சொல்லிக்கொடுப்பவர் ஒல்லியான இளம்பெண். குந்தி உட்கார்ந்து முன் டயரைத் தட்டிக் கேட்டாள்.

“காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்கக்கா?”

அக்கா காற்றை அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தாள். முன்னால் முப்பத்தைந்து, பின்னால் முப்பத்தெட்டு. கம்பெனி சொன்னதைவிட இரண்டிரண்டு கூட. அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார்.

“ரோட்டுக்கு இது இருக்கட்டும். இங்க வேணாம்” என்றாள் அந்தப் பெண். “இங்க போற போக்குல டயர் நல்லா சூடாகும். சூடானா உள்ள இருக்கற காத்து விரியும். இப்பவே இவ்வளவு வெச்சா அப்புறம் கல்லு மாதிரி ஆகிடும், பிடிப்பு இருக்காது. ரெண்டுலயும் முப்பது வெச்சுக்கோங்க. சுத்தி வந்ததும் சூட்டோட அளந்து பாத்துக்கலாம், முப்பத்தஞ்சுக்குப் பக்கம் இருக்கணும்.”

“சூடாகும்னு தெரிஞ்சே குறைக்கறதா?” என்றார் மாமா.

“ஆமா சார்.”

“லாரியில அப்படிக் குறைச்சா என்ன ஆகும் தெரியுமாம்மா?”

“இது லாரி இல்லையே சார்” என்று அவள் சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள். அக்கா தானே வால்வை அழுத்தி இரண்டிலும் முப்பதுக்குக் கொண்டுவந்தாள். காற்று சீறிய நேரம் முழுக்க மாமா வேறு பக்கம் திரும்பி நின்றார்.

பிறகு புதியவர்களுக்கு வகுப்பு என்று அக்காவை அழைத்துப் போனார்கள். நான் டீ குடிக்கப் போனேன். மாமா வரவில்லை என்றார். திரும்பி வந்தபோது வண்டி பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகெல்லாம் வியர்வை. வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தோல் உடுப்பும் ஹெல்மெட்டுமாக வந்தாள். யாரோ மாதிரி இருந்தாள். போகும்போது மாமாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

முதலில் நன்றாகத்தான் போயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கூடியது. பிறகு தூரத்து வளைவில் அவள் வண்டியின் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. அக்கா நிமிர்ந்துவிட்டாள், வண்டி வளையாமல் நேராகப் பாதையை விட்டுப் புல்லில் இறங்கி, குதித்துக் குதித்துப் போய் நின்றது. விழவில்லை. மாமா தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாதையோரம் கொடி காட்டி நிறுத்துகிறவர் அவளைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு முறை பாதையை விட்டு இறங்கினால் அன்றைக்கு ஓட்ட முடியாது, வண்டியை ஏற்ற வேண்டியதுதான் என்று சொல்லியனுப்பினார்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது. டயரில் கேஜை வைத்தாள். முன்னால் நாற்பதுக்குப் பக்கம், பின்னால் அதற்கும் மேல்.

“சூட்டுல இவ்வளவா ஏறும்?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். “இல்ல, நான்தான் சரியா வெக்கல போல. கைக்கு அடங்கவே இல்லடா. வழுக்கிக்கிட்டே போகுது. அந்தப் பசங்க எல்லாம் எப்படித் திரும்பறாங்க! நான் மட்டும்தான்.”

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையுறைகளை உருவி இருக்கையின் மேல் வைத்தாள்.

“எனக்கு இது வராது. பக்கத்து சீட்டுல உக்காந்து பிரேக் புடிக்கறதுதான் எனக்கு லாயக்கு. வேனைக் கொண்டா, வண்டியை ஏத்திடலாம்.”

எனக்கு அது பொறுக்கவில்லை. என் அக்கா தன்னைக் குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை; பிறரைப் பேசித்தான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அவள் சொன்னால் சொன்னதுதான். நான் வேன் சாவியைத் தேடினேன்.

மாமா எழுந்தார். இந்த மனிதருக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. அவர் கும்பிட்ட சாமியெல்லாம் கேட்டதைக் கொடுத்துவிட்டது. பேசாமல் ஒரு கை பிடித்து வண்டியை ஏற்றியிருந்தால், அக்கா முழுசாக வீடு வந்து சேர்ந்திருப்பாள், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டாள்.

அவர் சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு சின்ன வால்வு மூடிகளை எடுத்தார். கையுறைக்குப் பக்கத்தில் வைத்தார். கடையில் மூடி போடாமல் ஒரு வண்டி வெளியே போனதில்லை. அன்று மறந்திருக்கிறார்.

“நீ சரியாத்தான் வெச்ச” என்றார். “நான்தான் அடிச்சேன். நீ வகுப்புக்குப் போனப்ப, கால் பம்புல. பழைய அளவுக்கே.”

அக்கா மூடிகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“எதுக்கு?”

“மனசு கேக்கல.”

“நான் புல்லுல போனது அதனாலயா?”

“அந்தப் பொண்ணு சொன்னது நெசம்னா, அதனாலதான்.” மூடிகளை அவள் பக்கம் நகர்த்தி, “உனக்கு வராம இல்ல. வண்டியைக் கல்லாக்கிக் குடுத்தது நானு” என்றார்.

அக்காவுக்கு மூக்குமேல் கோபம். கொட்டகையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து கத்தப் போகிறாள் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் கத்தவில்லை. வண்டியை நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். டயர் ஆறட்டும் என்றாள். சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. மூவரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாமா அவ்வப்போது புறங்கையால் டயரைத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், “ஆறிடுச்சு” என்றார்.

அக்கா கேஜை எடுத்துக்கொண்டாள். வால்வைக் காட்டினாள்.

“நீங்களே எறக்குங்க.”

“நீயே எறக்கேன்.”

“நான் காலையில எறக்கினேன். நீங்க ஏத்தினீங்க. இப்ப நீங்க எறக்குங்க.”

மாமா மண்டியிட்டார். ஆயிரக்கணக்கான டயருக்குக் காற்றடித்த விரல் வால்வின் ஊசியைத் தேடித் தடவியது. லேசாக அழுத்தினார், சீறியதும் சட்டென்று கையை எடுத்துவிட்டார். அக்கா அளந்தாள்.

“இன்னும் ரெண்டு” என்றாள்.

அழுத்தினார். அளந்தாள்.

“இன்னும் ரெண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தார். அந்த டீ கிளாஸைப் பிடித்த கைகள்தான் அவருக்குத் தெரிந்துகொண்டிருக்கும், வேறென்ன. முப்பது வந்ததும், “போதும்” என்றாள் அக்கா. அந்த ஒரு போதும் அவருக்கு உடனே கேட்டது. பின் டயருக்கும் அதேபோல. இந்த முறை மூடிகளை மாட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

மதியம் அக்கா போனாள். மாமா பாதையைப் பார்க்கவில்லை. கம்பிக்கு முதுகைக் காட்டி நின்று, நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு சுற்றிலும் அவள் வண்டியின் சத்தம் கடந்துபோனதும் ஒரு மூச்சு விட்டார். அந்தத் தூரத்து வளைவில் வண்டி சாய்ந்தது, சாய்ந்தபடியே திரும்பி, வெளியே வந்தது. நான் சொன்னேன்.

“திரும்பிட்டா மாமா.”

“தெரியும் மாப்ளே. கேட்டுச்சு.”

அவள் திரும்பி வந்து நிறுத்தி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே சிரித்தாள். என்னவோ சொன்னாள், ஒன்றும் புரியவில்லை. மாமா அவளிடம் ஒன்றும் கேட்காமல் நேராக டயரிடம் போய் உள்ளங்கையை வைத்தார். நல்ல சூடு. அளந்தார். அந்தப் பெண் எதிர்பார்த்த அளவுதான் காட்டியது. கையை உடனே எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

அன்று நேரமாகிவிட்டதால் நான் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். காலையில் மாமா வழக்கம்போலப் பம்போடு அக்காவின் வண்டிக்குப் போனார். பம்பின் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முன் டயர் பக்கத்தில் குந்தியபடி வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ரோட்டுக்கு எவ்வளவு வெக்கட்டும்?”

பல் துலக்கிக்கொண்டிருந்த அக்கா வாசலுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. வாய் நிறைய நுரை, பேச முடியவில்லை. மூன்று விரலைக் காட்டினாள். பிறகு இன்னொரு முறை மூன்று.

“முப்பத்து மூணு” என்றார் மாமா. முப்பத்து மூன்று வைத்துவிட்டுக் குழாயை எடுத்தார்.