ஹேசலை முந்திய சக்கரம்

ஹேசல் மிட்ஜ்லியின் காரை ‘பார்லர் வண்டி’ என்று கிளைவ் பிக்கிள்ஸ் முதன்முதலில் சொன்னபோது, ஹேசல் அவருடைய தலைக்குச் சாயம் தடவிக்கொண்டிருந்தார்.

“ஜன்னலை ஏத்தி இறக்க கைப்பிடி. மெத்துமெத்துன்னு சீட்டு. மழை வந்தாக்கூட நனைய மாட்ட. அதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா ஹேசல்? பார்லர் வண்டி.”

“நான் பார்லர்தானே வச்சிருக்கேன்? வேற என்ன வண்டி வச்சுக்கணும், டிராக்டரா? தலையை ஆட்டாதய்யா. காதுல பட்டா ஒரு வாரத்துக்குப் போகாது.”

கிளைவ் எங்கள் ஊர் பழைய கார் சங்கத்தின் தலைவர். பச்சை நிற எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, கடை மூடும் நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கியபின் குனிந்து உள்ளே வருவார். தன் தலைமுடி தானாகவே இவ்வளவு கறுப்பு என்றுதான் சங்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். கடையில் இருப்பது இரண்டே நாற்காலி. இரண்டாவதில் முடி வெட்டுவது நான் என்பதால் எனக்கும் தெரியும். நான் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் ஹாதர்க்ளஃப் முழுக்க ஏற்ற இறக்கம்தான். ஹேசல் இங்கேயே பிறந்தவர், ஐம்பத்தெட்டு வயது. ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு முடி சுருட்டப் போன இடத்தில், கொட்டகைக்குள் ருபார்ப் செடித் தொட்டிகளுக்கு மேசையாக நின்றிருந்த அந்தக் காரைப் பார்த்தார். 1963-ஆம் ஆண்டு சன்பீம் ஆல்பைன். பின்னால் மீன் துடுப்பு போல இரண்டு நீட்டல். சக்கரங்கள் தனியாக ஒரு சாக்கில் கிடந்தன. ஊரெல்லாம் எம்ஜிக்கு ஆலாய்ப் பறக்கும்போது, சன்பீமை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சாலையில் இரண்டு சன்பீம்காரர்கள் எதிர்ப்பட்டால், தொலைந்துபோன சொந்தக்காரர்களைப் போலக் கையசைத்துக்கொள்வார்கள்.

எட்டு வருடம் அதைப் பிரித்துப் பூட்டினார். பார்லர் சாமான்தான் பாதி ஆயுதம். சாயத் தூரிகையால் துருவுக்கு மருந்து பூசினார். ஒயர்க் கற்றையைத் தலை வகிடு எடுப்பதுபோலப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறக் கிளிப் மாட்டினார். பட்டி காய்வதற்கு ஹேர் டிரையர். ஒரு சனிக்கிழமை மணப்பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தபோது டிரையரைக் காணோம். அது காரின் கதவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது பாலிஷ் போடுவது. கம்பிச் சக்கரத்தை நான்கைந்து நட்டு போட்டு மாட்டுவதில்லை. நடுவில் இரண்டு காது வைத்த பெரிய மரை ஒன்றுதான். மேலே நிற்கும் காதில் செம்புச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். அந்த நான்கு காது மரைகளையும் தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மடியில் வைத்துத் தேய்ப்பார். அதில் பார்த்து உதட்டுச் சாயம் பூசலாம்.

அவருடைய கணவர் ராய், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். போட்டிக்கு வெங்காயம் வளர்ப்பவர். ஒவ்வொன்றும் கைக்குழந்தை எடை இருக்கும். பிடுங்கிய வெங்காயத்தைக் காற்றாட உலர்த்த வீட்டில் ஒரே ஒரு நல்ல இடம் காரேஜ். அதில் கார் இருந்ததால், எட்டு வருடமாக வெங்காயங்கள் விருந்தாளி அறைக் கட்டிலில் படுத்திருந்தன. விருந்தாளிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இந்த வருடம் ராய் பொறுமையிழந்தார்.

“ஏம்மா, ஜூன் மாசம் சங்கத்து கார் ஓட்டம் இருக்குல்ல? அதுல புல்மேடு ஏறி இறங்கி உன் வண்டி தன் சக்கரத்துல வீட்டுக்கு வரட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். நடுவழியில நின்னு லாரி மேல வந்துச்சுன்னா வித்துடலாம். விட்பி ஊர்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. காரேஜ் எனக்கு.”

ஹேசல் ஈரக் கையோடு பாத்திரத் தொட்டிக்கு மேலேயே கை குலுக்கினார். மறுநாள் கடையில் என்னிடம், “லாரியாம் லாரி” என்றார். ஆனால் அன்று இரண்டு பேருக்கு முன்முடியைக் கோணலாக வெட்டினார்.

ஓட்டத்துக்கு முந்தைய வாரங்களில் பழகுவதற்காகத் தினம் மாலை தெருத்தெருவாகச் சுற்றினோம். ஒவ்வொரு முறையும் பின் சக்கர மரை இரண்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஹேசல் சுத்தியலை எடுத்து நாலு போடு போடுவார். முன் சக்கரங்களுக்கு வண்டியின் வால் பக்கமாக அடித்தார். பின் சக்கரங்களுக்கு மூக்குப் பக்கமாக அடித்தார். ஏன் என்று கேட்டேன்.

“அது சன்பீமோட குணம் கண்ணு. எம்ஜிக்காரங்களுக்கு இதெல்லாம் புரியாது.”

அந்தக் காருக்கு நிறைய குணங்கள் இருந்தன. வலது பக்கம் திரும்பினால் ஹாரன் அடிக்கும். மழையில் ஹீட்டர் வேலை செய்யாது, வெயிலில் செய்யும். ஆகவே நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் இரண்டாவது ஞாயிறு பதினான்கு கார்கள் கிளம்பின. கிளைவ் முதலில், நாங்கள் கடைசியில். வரைபடம் என் மடியில். ஏற்றத்தில் ஹேசல் கியரை மாற்றிய விதத்தில் முடி வெட்டும் கைதான் தெரிந்தது. இரண்டு விரல், ஒரு சின்ன அசைவு. கூரையைத் திறந்து விட்டிருந்தோம். மேட்டின் உச்சியில் செம்மறிகள் வழி விட்டன. ஹேசல் சத்தமாகப் பாடினார். கார் ஒருமுறைகூட இருமவில்லை.

இறக்கத்தில் பாதி வந்திருப்போம். என் இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போனது.

“ஹேசல், ஒரு சக்கரம் போகுது.”

“யாரோடது?”

“நம்மது மாதிரி இருக்கு.”

அவர் பதில் சொல்லுமுன் வண்டியின் பின்பக்கம் தொப்பென்று உட்கார்ந்தது. தீப்பொறி பறக்க முப்பது அடி இழுத்துக்கொண்டு போய் நின்றோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் நிற்கவில்லை. செம்மறிகளுக்கு நடுவே நிதானமாக உருண்டு, கீழே டீ வேன் முன்னால் நின்றிருந்த சங்கத்து வரிசையை நோக்கிப் போனது. எல்லோரும் விலகினார்கள். அது கிளைவின் எம்ஜி பம்பரைத் தொட்டுவிட்டு அவர் காலடியில் படுத்தது.

கிளைவ் கையில் பேக்கன் சாண்ட்விச்சோடு மேலே நடந்து வந்தார். மற்றவர்கள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

“உன் சக்கரம் உனக்கு முன்னாடியே வந்து டீ கேக்குது ஹேசல். சரி, லாரிக்குப் போன் பண்றேன்.”

“போனைத் தொட்டுப்பாரு. அடுத்த தடவை உன் தலைக்குப் பச்சைதான்.”

எல்லோரும் கிளைவின் தலையைப் பார்த்தார்கள். கிளைவ் போனைப் பைக்குள் போட்டார்.

முதலில் மரையைக் கண்டுபிடிக்க வேண்டும். அது இல்லையென்றால் லாரிதான். வேலி ஓரமாக ஹெதர் புதர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. சங்கமே குனிந்து தேடியது. ஹேசல் தேடவில்லை. சாலை நடுவில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் வந்தது. நாற்பது கெஜத்துக்கு அப்பால், புதருக்குள்ளிருந்து ஏதோ பளீரென்று கண்ணைக் குத்தியது.

“அதோ என் செல்லம்!” என்று ஓடினார்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, பிரேக் டிரம்மின் அடியில் தேய்ந்ததைத் தவிர வேறு சேதமில்லை என்று பார்த்து, சக்கரத்தை மாட்டினார்கள். கிளைவ் சுத்தியலை வாங்கி, எல்லாக் காருக்கும் அடிப்பதுபோல வால் பக்கமாக ஓங்கி அடித்தார். மரை கழன்று அவர் கையில் வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல இடது, வலதுன்னு எழுத்து வெட்டியிருக்குமே. எங்க?”

“பாலிஷ் போட்டேன்.”

“எவ்வளவு நாளு?”

“எட்டு வருஷம்.”

கிளைவ் தரையில் உட்கார்ந்துவிட்டார். “அடிப்பாவி. பின்னாடி சக்கரம் மாட்டுற ரெண்டு ஹப்பையும் இடது வலது மாத்தி மாட்டியிருக்க. வண்டி முன்னால ஓட ஓட மரை இறுகணும். உனக்குக் கழலுது. அடிக்கிற திசை மாறுதே, உனக்குச் சந்தேகமே வரலியா?”

“சன்பீமோட குணம்னு நினைச்சேன்” என்றார் ஹேசல் சின்னக் குரலில். அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

ஹப்பைக் கழற்றி மாற்ற வேண்டிய கருவி கிளைவின் வீட்டில் இருந்தது. வீட்டுக்குப் பதினேழு மைல்.  கீழேயிருந்து டீ வேன்காரர், “வேற யாருக்காவது பேக்கன் வேணுமா?” என்று கத்தினார்.

ஹேசல் சுத்தியலைக் கிளைவ் கையிலிருந்து பிடுங்கினார். “ஒரு மைலுக்கு ஒருதரம் நிறுத்தி அடிச்சா கழலாதுல்ல?”

“கழலாது. ஆனா மெதுவா போகணும்…”

“அப்ப நீ இடது பக்கம், நான் வலது பக்கம். ஏறு வண்டில.”

எம்ஜியின் சாவி என் கைக்கு வந்தது. கிளைவ் ‘பார்லர் வண்டி’யின் மெத்தைச் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு மைல் போவார்கள், இரண்டு கதவும் திறக்கும், ஆளுக்கொரு பக்கம் நாலு அடி, கதவு மூடும். மூன்றாவது நிறுத்தத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் சேர்ந்தது. ஏழாவதில், சைக்கிளில் வந்த கிழவர் ஒருவர் நின்று, “தப்புப் பக்கமா அடிக்கிறீங்க” என்று அறிவுரை சொன்னார். “தெரியும்!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பன்னிரண்டாவதில் மழை தூறியது. கிளைவ் கூரையை மூடி, ஜன்னலையும் ஏற்றிக்கொண்டதைப் பார்த்தேன். எம்ஜியின் கூரையை எப்படி மூடுவதென்று தெரியாமல் நான்தான் நனைந்தேன்.

கடைசியில் ஹேசலின் தெரு. கால் மைல்தான், ஆனால் சுவரில் ஏறுவது மாதிரி. ஹேண்ட் பிரேக் அங்கே வண்டியைப் பிடித்து நிறுத்துமா என்பது அதைப் பூட்டிய ஹேசலுக்கே சந்தேகம். நடுவில் நிறுத்தி அடிக்க வழியில்லை. அடிவாரத்தில் நின்றோம். மேலே ராய் வாசலில் கைகட்டி நிற்பது தெரிந்தது.

“பின்னால போனா?” என்றார் ஹேசல் திடீரென்று.

கிளைவ் யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “பின்னால போனா தானா இறுகும்.”

சன்பீம் திரும்பி, தன் இரண்டு துடுப்புகளையும் முன்னே நீட்டிக்கொண்டு, முனகியபடி தெரு முழுக்க ரிவர்ஸில் ஏறியது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

“என்னம்மா, மூஞ்சியக் காட்ட வெக்கமா?” என்றார் ராய்.

“தன் சக்கரத்துல வந்துச்சா இல்லியா?”

ராய் கீழே தெருமுனையைப் பார்த்தார். லாரி இல்லை. வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் காலால் தட்டினார். நான்கும் இருந்தன.

“வந்துச்சு. எந்தப் பக்கமா வரணும்னு நாம பேசல.”

பிறகு அவர் காரேஜ் கதவைத் திறந்தார். உள்ளே மூன்று சுவரிலும் வெங்காயம் உலர்த்தும் அடுக்குத் தட்டுகள், புது மர வாசனையோடு. காலையில் நாங்கள் கிளம்பிய உடனே மாட்ட ஆரம்பித்திருக்கிறார். சங்கடமாகக் கழுத்தைச் சொறிந்தார்.

“இப்பதான் கடைசி ஸ்க்ரூ போட்டேன்.”

“நான் இன்ஜினை அணைக்கல” என்றார் ஹேசல்.

ராய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கிளைவ் தட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஹேசல் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி தலையை வெளியே நீட்டினார்.

“எந்தப் பக்கம் திருகினா கழலும்னு தெரியுமா ராய்?”

“எனக்குத் தெரியும்” என்றார் ராய், திரும்பிப் பார்க்காமல்.