கடல் சத்தம் கேட்காத அறை

லண்டன் ஸ்ட்ரெதமில் நான் வேலை செய்யும் பயண ஏஜென்சிக்கு இன்று மதியம் ஒரு தம்பதி வந்தார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. கரீபியன் தீவொன்றில் ஒரு வாரம் ஓய்வாக இருந்துவிட்டு வரவேண்டும் என்பது அந்த அக்காவின் நெடுநாள் ஆசை.

பன்னிரண்டு அறைகள் மட்டுமே உள்ள அழகான சின்ன ஹோட்டல் ஒன்றைக் காட்டினேன்.

"எல்லா அறையும் கடலைப் பாத்தபடி, அண்ணை. படுத்திருக்கவே அலைச் சத்தம் கேக்கும்," என்றேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் சத்தம் கேக்காத அறை இருக்கோ, தங்கச்சி?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"இவரின்ரை தம்பி ஊரிலை சண்டை நேரம் வள்ளத்திலை இந்தியாவுக்கு வெளிக்கிட்டவன். இவர்தான் வள்ளத்தைக் கடலுக்குள்ளை தள்ளிவிட்டவர். அவன் போய்ச் சேரேல்லை," என்று மெதுவாகச் சொன்னார்.

ஹோட்டலுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அங்கிருந்த பெண் என் கேள்வியை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தாள். அப்படியொரு அறை அவர்களிடம் இல்லையாம்.

"அப்ப வேண்டாம். வேறை எங்கையாவது போவம்," என்றார் அக்கா.

"இல்லை, அதையே போடுங்கோ," என்றார் அண்ணை. "லண்டனிலையும் எனக்கு அது கேட்டுக்கொண்டுதானே இருக்குது."

பதிவு செய்து கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

கடல் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று இந்த வேலையில் ஒன்பது வருடமாக நம்பியிருந்தேன். நாளைக்கு வருகிறவர்களிடம் எதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குவது? யோசனை இருந்தால் கீழே எழுதுங்கள்.